சுங்கை சிப்புட் கடையில் வாங்கிய தூண்டிலும் நவம்பர் மாதக் கோஹோவும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவீதியில், சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள் சனிக்கிழமை மாலைகளில் வந்து நிற்கும் ஒரு சிறிய தூண்டில் கடை இருக்கிறது. சுங்கை பிளஸ் ஆற்றில் செபாராவ் மீன் பிடிப்பவர்களை நம்பி நடக்கும் கடை அது. சென்ற நவம்பரில் அக்காள் குடும்பத்தைப் பார்க்க கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் புறப்பட்ட நான், அங்குள்ள கோஹோ சால்மனுக்கான தூண்டிலை இந்தக் கடையில்தான் வாங்கினேன். எட்டு நாள்கள் ஆற்றில் நின்று பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

மீனின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்டார்: ஆறு எவ்வளவு அகலம், மீன் ஓட்டத்தில் நிற்குமா, ஓரத்தில் ஒதுங்குமா என்று. எனக்குத் தெரியாததால் அத்தானைத் தொலைபேசியில் அழைத்து அவரிடமே பேச வைத்தேன். கோஹோ வேகமான நீரிலிருந்து விலகி, விழுந்து கிடக்கும் மரங்களின் அருகிலும் கிளை வாய்க்கால்களின் மந்தமான நீரிலும் தங்கும் என்று அறிந்ததும், "செபாராவுக்கு எறிகிற எடையே போதும் தம்பி, கழி மட்டும் நீளமாக இருக்கட்டும்" என்றார். அவரிடம் இருந்தவை எல்லாம் 6, 7 அடிக் கழிகள். ஈப்போவில் சொல்லி, 8.5 அடிக் கழி ஒன்றை மூன்று நாளில் வரவழைத்து 210 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொடுத்தார். 7 முதல் 14 கிராம் வரையிலான வெள்ளி நிற ஸ்பூன்கள் (கரண்டி வடிவ உலோகப் போலி இரைகள்) ஆறும் வாங்கிக்கொண்டேன்.

அத்தான் அழைத்துச் சென்றது சில்லிவாக் ஆற்றுக்கு. வெடர் கிராஸிங்குக்குக் கீழே அதே ஆற்றுக்கு வெடர் என்று பெயர். பருவத்தின் கடைசி என்பதால் மீன்கள் குறைவு. பல மீன்களின் பக்கங்கள் சிவந்து, ஆண்மீன்களின் தாடை கொக்கிபோல் வளைந்திருந்தது. ஆற்றுக்குள் வந்த கோஹோ பெரும்பாலும் இரை தேடுவதில்லை. கண்முன் மின்னிக் கடக்கும் பொருளைச் சீண்டலாகக் கொண்டு கவ்வுகிறது. அதனால் ஸ்பூனை மெதுவாக, கிட்டத்தட்ட நின்றுவிடும் வேகத்தில் இழுக்க வேண்டியிருந்தது. நீளக் கழியின் அருமை அப்போதுதான் விளங்கியது: தூண்டில் நரம்பை ஓட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, மரத்தடி நிழலிலேயே ஸ்பூனை நிறுத்திவைக்க முடிந்தது. மழை பெய்து நீர் ஏறி, மறுபடி தெளியத் தொடங்கிய நான்காம் நாள் விடியற்காலையில் ஏறத்தாழ 4 கிலோ மீன் ஒன்று கவ்வியது. கழி நடுவரை வளைந்து அதன் திமிறலைத் தாங்கியது. பொரிப்பக மீன்களுக்கு அடையாளமாக வெட்டிவிடும், வாலுக்கு முன்னே முதுகில் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்படாமல் இருந்ததால், அது பொரிப்பகத்தில் வளர்ந்த மீன் அல்ல என்று கொண்டு, தண்ணீரைவிட்டு எடுக்காமலே விடுவித்தோம்.

குறைகளும் உண்டு. ஸ்பூன்கள் எல்லாம் மூன்று முனைக் கொக்கியோடு வந்தவை. அந்த மாநிலத்து ஆறுகளில் எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கிதான் சட்டம். ஆறையும் அங்கேயே மாற்ற வேண்டியதாயிற்று. ரீலில் இட்டிருந்த மசகு நம் வெயிலுக்கு ஏற்றது. குளிர்ந்த காலைகளில் இறுகிப்போய்க் கைப்பிடி கனத்தது. கடைக்காரர் தேர்ந்தெடுத்த பச்சை நிறப் பின்னல் நரம்பும் தெளிந்த நீரில் மிகவும் துலங்கித் தெரிந்தது; அத்தான் நுனியில் நிறமற்ற நரம்பைக் கட்டிய பிறகே மீன் தொட்டது.

திரும்பி வந்து இவற்றைச் சொன்னபோது கடைக்காரர் ஒவ்வொன்றையும் தம் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டார். கழிக்கும் ஸ்பூனுக்கும் இந்தக் கடையை மனமாரப் பரிந்துரைப்பேன்; நரம்பைப் போகும் இடத்தில் வாங்குவது நல்லது. நீளக் கழி வேண்டுவோர் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் கடை நண்பகலோடு மூடிவிடுகிறது.