ஆள்வாரியா, பிரச்சினைவாரியா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் ஒரு விசைப்படகு இரவில், கரையிலிருந்து 2 கடல்மைலில், நாட்டுப்படகுக்காரரின் வலையை அறுத்துவிட்டது. ஓட்டியது டிரைவர், ஓனர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார், வலையின் மிதவையில் விளக்கு இல்லை. சிவில் நீதிபதி தேர்வில் இப்படி ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்வோம். விடையை ஒவ்வொரு ஆளாகப் பிரித்து எழுதுவதா, ஒவ்வொரு சட்டப் பிரச்சினையாகப் பிரித்து எழுதுவதா? (வழக்கறிஞர்களுக்கான அகில இந்தியத் தேர்வு கொள்குறி வகை, அங்கே இந்தக் கவலையே இல்லை.)

ஆள்வாரியாக எழுதினால் யாரும் விடுபட மாட்டார்கள். ஆனால் டிரைவரின் கவனக்குறைவை ஓனர் தலைப்பிலும் திரும்ப எழுத வேண்டிவரும்.

பிரச்சினைவாரியாக என்றால் ஒவ்வொரு பிரச்சினைக்கும் கேள்வி, சட்டம், அதைச் சம்பவத்தோடு பொருத்துதல், முடிவு. ‘2 கடல்மைல்’ சும்மா வரவில்லை: 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. ‘ஓனர் வீட்டில்’ என்றால், பணியாளர் செய்த தவறுக்கு முதலாளியின் பொறுப்பு. ‘விளக்கு இல்லை’ என்பது வலைக்காரரின் பங்குக் கவனக்குறைவு, அதாவது சேதத்துக்கு அவரும் ஓரளவு காரணம் என்ற வாதம். பலர் சட்டத்தைச் சொன்ன கையோடு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். இருட்டும் விளக்கும் விடைக்குள் வருவதே இல்லை.

என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். ஆட்களின் பெயரை மட்டும் முதலில் ஓரத்தில் குறித்துக்கொண்டு, எழுத எழுத அடித்துக்கொண்டே வரலாம்.