ஐஸ்பழக் குச்சியா, ஓட்டுத் துண்டா? வன்னி வளவில் நின்றுபிடிக்கும் பெயர்க்குச்சி எது

நாற்றுமேடையில் கத்தரிக் கன்றுகள் எல்லாம் ஒரே முகம். ஒரு மாரிக்கு வட்டக்கச்சி வளவில் இரண்டு மேடை போட்டேன். ஒன்று முள்ளியவளையில் இருக்கும் பெரியம்மா வருடக்கணக்காக விதை எடுத்துக் காத்து வந்த கத்தரி. மற்றது கடையில் வாங்கிய கலப்பின விதை. இரண்டுக்கும் ஐஸ்பழக் குச்சியில் பெயர் எழுதிக் குத்தினேன். கன்று பிடுங்கும் நாளில் பார்த்தால் ஒரு குச்சியில் எழுத்து இல்லை. மற்ற மேடையில் குச்சியே இல்லை, கறையான் மண்தான் இருந்தது. குத்துமதிப்பாகப் பிரித்து நட்டேன். இரண்டும் ஊதாக் காய். நல்லாய்க் காய்த்த செடி ஒன்றை விதைக்கு விட்டேன், அது கலப்பினமாகப் போயிற்று. அடுத்த போகத்தில் அந்த விதையிலிருந்து வந்தவை ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்று காய்க்கவே இல்லை. கலப்பினச் செடியில் எடுக்கும் விதை தாயைப் போல வராது என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன். பெரியம்மாவிடம் திரும்பப் போய் விதை கேட்க வேண்டி வந்தது.

அதற்குப் பிறகு கையில் அகப்பட்ட எல்லாவற்றிலும் பெயர் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் குத்திப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் எந்தக் குச்சியும் மூன்று எதிரிகளைத் தாண்ட வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை வெயிலும் கச்சான் காற்றும். ஐப்பசி முதல் தை வரை மழை. வருடம் முழுக்கக் கறையான்.

முதலில் எழுதுகோலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் குச்சியைக் குறை சொல்கிறார்கள், பிழை பேனையில் இருக்கிறது. 'பேர்மனன்ற்' என்று போட்டிருக்கும் மார்க்கர் பேனை மழையில் அழியாது, உண்மைதான். ஆனால் அதன் சாயத்தை வெயில் தின்றுவிடும். என் வளவில் ஆனி மாதம் எழுதியது ஆவணியில் வெறும் நிழலாக நின்றது. அதே நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 2பி பென்சிலால் எழுதியது அப்படியே இருந்தது. பென்சிலில் இருப்பது காரீயம் என்று நாங்கள் சொல்லும் கிராபைற், ஈயமல்ல, கரிமம். வெயில் அதை வெளிறச் செய்யாது, தண்ணீர் கரைக்காது. உரசினால் மட்டும்தான் போகும். அதனால் வழவழப்பான பரப்பை முதலில் சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு எழுத வேண்டும்.

சரி, இனி பொருட்கள்.

யோகட் கப்பை வெட்டி எடுக்கும் பிளாஸ்ரிக் துண்டுதான் எல்லோரும் முதலில் செய்வது. செலவில்லை, கத்திரிக்கோல் போதும், கறையான் தொடாது. நாற்றுமேடைக்கு இதை விட வசதியானது இல்லை. மிளகாய் நாற்று ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ மேடையில் நிற்கும். அவ்வளவு காலத்துக்குத் தாராளம். அதைத் தாண்டி வெயிலில் விட்டால் பிளாஸ்ரிக் முறுகிவிடும். கோழி கால் பட்டாலே நொறுங்கி, துண்டு துண்டாக மண்ணுக்குள் போய்விடும். அந்தத் துண்டுகளைப் பிறகு பொறுக்க முடியாது. ஆகவே கன்று பிடுங்கியதும் குச்சிகளையும் பிடுங்கி, கழுவி, அடுத்த முறைக்கு எடுத்து வைக்கிறேன். ஐஸ்கிறீம் பெட்டி மூடி கொஞ்சம் தடிப்பு, கூடக் காலம் நிற்கிறது.

மரக்குச்சிகளில் ஐஸ்பழக் குச்சியை நான் இனித் தொடமாட்டேன். மூங்கில் சிம்பும் ஈர மண்ணில் ஒரு மாரியைத் தாண்டவில்லை. வேப்பங்குச்சி கொஞ்சம் தாக்குப் பிடித்தது. நுனியை அடுப்பில் கருக்கிக் குத்தினால் இன்னும் கொஞ்சம். வேலிக் கட்டைக்குப் பூசுவது போலப் பழைய எஞ்சின் ஒயிலில் தோய்க்கச் சொன்னார்கள். சாப்பிடும் கீரைக்கும் வல்லாரைக்கும் பக்கத்தில் அதை நான் செய்யவில்லை, யாரும் செய்யவும் வேண்டாம். மரத்தில் ஒன்றுதான் என் மனதைப் பிடித்தது: பனஞ்சிலாகை, கூரைக்கு அடிக்கும் பனைமரச் சட்டம். கூரை வேலை நடக்கும் வீட்டில் வெட்டி எறியும் துண்டைக் கேட்டால் தருவார்கள். முற்றிய பனையின் கறுத்த வைரப் பக்கம் கறையானுக்கு இலகுவில் மசியாது. ஒரு முழத் துண்டைச் சீவிக் கூராக்கி, மேல்முனையில் வெள்ளைப் பெயின்ற் அடித்து எழுதினேன். இரண்டு மாரி கண்டுவிட்டது. சீவும்போது சிராய் கையில் ஏறாமல் பார்க்க வேண்டும், பனஞ்சிராய் லேசில் வெளியே வராது.

குளிர்பான ரின் அலுமினியம். மீன் ரின்னும் பால்மா ரின்னும் துருப்பிடிப்பது போல அது துருப்பிடிக்காது. மேலும் கீழும் வெட்டி எடுத்தால் நடுவில் கடதாசி போல ஒரு தகடு வரும். அதை ஒரு பழைய ரப்பர் செருப்பின் மேல் வைத்து, மை தீர்ந்த போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதுங்கள். செருப்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், எழுத்து பள்ளமாக விழும். மறுபக்கம் தடவினால் விரலுக்கே தெரியும். மை இல்லை, பெயின்ற் இல்லை, வெளிறவும் எதுவும் இல்லை. மாங்கன்று, தோடை, முருங்கை போன்றவற்றுக்கு இதுதான் சரி: ஓட்டை போட்டு, கம்பியால் கொப்பில் தொங்கவிடலாம். கம்பியைத் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் கொப்பு பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கி அந்தக் கொப்பையே சாகடிக்கும். தகட்டின் ஓரம் சவர அலகு மாதிரி, நான்கு பக்கமும் மடித்துவிட்ட பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். இன்னொன்று: ரின்னை வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ எடுங்கள். பற்றைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கிடக்கும் உலோகத் துண்டு எதையும் எங்கள் நிலத்தில் கையால் எடுக்கக் கூடாது. போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஓட்டுத் துண்டு. மீளக்குடியேறி வந்தபோது எங்கள் பழைய வீட்டில் மிஞ்சியது அத்திவாரமும் உடைந்த ஓடும்தான். கனகாலம் அது கிணற்றடியில் குவியலாகக் கிடந்தது. அதிலிருந்துதான் துண்டு எடுத்தேன். ஆணியால் ஒரு கோடு ஆழமாகக் கீறி, கோட்டின் மேல் மெல்லத் தட்டினால் ஏறத்தாழ நேராக உடையும். கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். சுட்ட மண் ஈரத்தைக் குடிக்கும், ஈரத்தோடு பெயின்ற் அடித்தால் செதிலாக உரிந்துவிடும். காய்ந்த பின் வெள்ளை இனாமல் ஒரு பூச்சு, அதன் மேல் மெல்லிய தூரிகையால் கறுப்பு எழுத்து. மூன்று அங்குலம் மண்ணுக்குள் புதைத்தால் கோழி கிளறினாலும் அசையாது, கச்சான் அடித்தாலும் பறக்காது. மழைச் சேறு தெறித்து மூடினால் கையால் ஒருக்கால் துடைத்தால் சரி. குறை என்றால் கனம், செய்ய எடுக்கும் நேரம், அப்புறம் கெந்தி விளையாடச் சின்னப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டு போவது. நாற்றுமேடைக்கு இது பெரிதாகிவிடும். நிரந்தரப் பாத்திக்கும் விதைக்கு விடும் செடிக்கும் இதற்கு இணையாக எதையும் நான் காணவில்லை.

ஓடு என்று நினைத்து, தட்டையாக இருக்கிறதே என்று அஸ்பெஸ்ரஸ் சீற் துண்டை மட்டும் எடுத்து வெட்டிவிடாதீர்கள். உடைந்த சீற் பல வளவுகளில் கிடக்கிறது. அதை உடைக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் நார்த்தூசி நெஞ்சுக்குள் போனால் வருடங்கள் கழித்து நோயாக வரும்.

எதில் எழுதினாலும் 'மிளகாய்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை, மிளகாயென்று பார்த்தாலே தெரியும். இனம் வேண்டும், நட்ட திகதி வேண்டும், விதை வந்த இடம் வேண்டும். 'எம்.ஐ. 2' என்று எழுதினால் மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்து மிளகாய் என்று அடுத்தவருக்கும் விளங்கும். விதைப் போத்தலுக்குள் நான் ஒரு சார்வோலைத் துண்டு, பனையின் இளம் ஓலை, போட்டு வைக்கிறேன். ஊசியால் கீறி அடுப்புக்கரி தேய்த்தால், ஏட்டில் எழுதியது போலக் கீறல் மட்டும் கறுத்து நிற்கும்.

கிணற்றடிப் பாத்தியின் மூன்றாவது செடிக்கு முன்னால் இப்போது ஒரு ஓட்டுத் துண்டு நிற்கிறது. 'பெரியம்மா கத்தரி, முள்ளியவளை, கார்த்திகை 10' என்று எழுதியிருக்கிறேன். அதில் இரண்டு காய்களைப் பறிக்காமல் விட்டிருக்கிறேன். ஊதா போய் மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கிறது. நன்றாய்ப் பழுத்ததும் விதை எடுத்து, பாதியைப் பெரியம்மாவுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவவின் அடுப்புக்கு மேல் தொங்கிய விதைக் கத்தரியை இந்த முறை எலி கொண்டுபோய்விட்டதாம்.