ரேஷன் கடையில் பொருளைப் பார்க்காமல் ரேகை வைக்காதீர்கள்

"பாமாயில் இன்னும் வரல, பருப்பு அடுத்த வாரம் வாங்கிக்கோங்க" என்று சொல்லி, அரிசியும் சர்க்கரையும் மட்டும் போட்டு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் துவரம் பருப்பு 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர் எல்லாமே வாங்கியதாகக் குறுஞ்செய்தி. அடுத்த வாரம் போய் நின்றால் "உங்க கார்டுல பில் போட்டாச்சே" என்கிறார்கள். எங்கள் பகுதிக் கடை ஒன்றில் பல கார்டுகளுக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது. ஏமாந்தவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள்.

மெஷினில் கார்டை ஸ்கேன் செய்ததும் அந்த மாதம் உங்களுக்கு உள்ள பொருட்கள் திரையில் வரும். எதை எவ்வளவு கொடுக்கிறோம் என்று விற்பனையாளர் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் ரேகை வைத்து பில் விழுந்துவிட்டால் அத்தனையும் வாங்கிவிட்டதாகத்தான் அரசுக் கணக்கு. அதனால் ரேகை வைக்கும் முன்பே "என்னென்ன பில் போடுறீங்க?" என்று கேளுங்கள். இல்லாத பொருளை எடுத்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள். சரக்கு வந்ததும் அதற்குத் தனியாக பில் போட்டு வாங்கலாம், மெஷினில் அதற்கு வழி உண்டு. "ஒரே தடவைதான் போட முடியும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

காசையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள சாதாரண அரிசி கார்டுக்கு சர்க்கரை தலைக்கு 500 கிராம், ஆக 2 கிலோ, கிலோ 25 ரூபாய். பருப்பு 30, பாமாயில் 25. அரிசிக்குக் காசு கிடையாது. எல்லாம் வாங்கினால் 105 ரூபாய். மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டுக்குச் சர்க்கரை கிலோ 13 ரூபாய் 50 காசுதான். இதற்கு மேல் கேட்டால் உப்போ டீத்தூளோ சோப்போ சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவற்றை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அரிசி வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்கள் "அரிசிக்கு பில் போடாதீங்க" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் எழுதப்படும் 20 கிலோதான் மாவு மில்லுக்கும் கோழித் தீவனத்துக்கும் மாநில எல்லை தாண்டியும் போகிறது.

எடையில் அடிபடுவது பெரும்பாலும் சர்க்கரையும் பருப்பும். தராசில் காலி வாளியை வைத்ததும் எண் பூஜ்யத்துக்கு வர வேண்டும். அப்படி வராமல் அளந்தால் வாளியின் எடை உங்கள் சர்க்கரையில் கழிந்துவிடும். எண் தெரியும் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும்.

விற்பனையாளர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவாக வருகிறது, அந்த இழப்பைத் தங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் புகார். அது உண்மைதான். கிடங்கிலேயே எடை போட்டுக் கொடுக்க அரசை வற்புறுத்த வேண்டும். அதற்காகக் கார்டுதாரரின் பருப்பில் கை வைப்பதை ஏற்க முடியாது.

2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் தட்டுப்பாடானபோது, வாங்காதவர்கள் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. கார்டில் ஏற்கெனவே பில் விழுந்திருந்தால் இப்படிப்பட்ட சலுகையும் கைக்கு வராது.

ஊரில் அம்மா பொருள் வாங்க, குறுஞ்செய்தி திருப்பூரில் இருக்கும் மகன் போனுக்குப் போகும் வீடுகள் நிறைய. செய்தி வந்த அன்றே அம்மாவுக்குப் போன் போட்டு ஒவ்வொரு பொருளாகக் கேளுங்கள். பதிவு செய்த எண் மாறியிருந்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மாற்றிவிடுங்கள்.

தவறான பில் விழுந்தால் குறுஞ்செய்தியை அழிக்காமல் 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் புகார் சொல்லுங்கள். கார்டு எண், கடை எண், பில் தேதி, கைக்கு வராத பொருள் இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதையே வட்ட வழங்கல் அலுவலருக்கு மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரே கடையில் ஐந்தாறு பேருக்கு நடந்திருந்தால் சேர்ந்தே போங்கள். தனி ஆளாகப் போனால் "மெஷின் கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.