பிறர் டவரில் இயங்கும் வட்டாரக் கைபேசிச் சேவை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டுத் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் பல ஆண்டுகளாக நான் நம்பியிருந்த வட்டாரத் தொலைபேசி நிறுவனம் கைபேசிச் சேவையும் தரத் தொடங்கியபோது, அந்த நம்பிக்கையிலேயே என் எண்ணை அதற்கு மாற்றிக்கொண்டேன். அந்நிறுவனத்துக்குச் சொந்தமாக டவரும் இல்லை, அலைக்கற்றை உரிமமும் இல்லை. இரண்டு பெரிய நிறுவனங்களிடம் பேச்சு நேரத்தையும் டேட்டாவையும் மொத்தமாக வாங்கித் தன் பெயரில் விற்கிறது. எம்விஎன்ஓ எனப்படும் இந்த முறை புதியதன்று. 1999ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் விர்ஜின் மொபைல், ஒன்டூஒன் நிறுவனத்தின் வலையமைப்பைக் கொண்டு இப்படிச் சேவை தொடங்கியது.

அழைப்புகளில் எனக்குக் குறையில்லை. டேட்டாவில்தான் சிக்கல். மாலை நேரத்தில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரியும்போதே காணொளி நின்று நின்று ஓடும். அதே இடத்தில், அதே டவரின் உரிமையாளரிடம் நேரடியாகச் சிம் வாங்கியவரின் கைபேசியில் தடையின்றி ஓடும். காரணத்தைத் தேடியபோது புரிந்தது: 4ஜியில் ஒவ்வொரு இணைப்புக்கும் க்யூசிஐ என்ற வகை எண் தரப்படுகிறது, சாதாரண இணையப் பயன்பாட்டுக்குரிய வகைகளில் 9 என்பதே முன்னுரிமையில் கடைசி. டவரில் கூட்டம் இல்லாத வேளையில் இந்த வேறுபாடு தெரியாது. நெரிசல் ஏற்படும்போது, ஒப்பந்தப்படி கீழ்வரிசையில் வைக்கப்பட்டவர்களின் வேகமே முதலில் குறைகிறது. இதில் தவறில்லை, மலிவுக்கு ஈடாக அதை ஏற்கவும் நான் தயார். ஆனால் திட்ட விவரத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை.

கைபேசியை மாற்றியபோது ஏபிஎன் விவரங்களை (கைபேசி டேட்டாவுடன் இணையத் தேவையான அமைப்பு விவரங்களை) நானே உள்ளிட வேண்டியிருந்தது. இரண்டு வலையமைப்புகள் என்று விளம்பரம் சொன்னாலும், ஒரு சிம் ஒன்றில் மட்டுமே இயங்குகிறது. மற்றொன்றுக்குப் போக வேறு சிம் வாங்க வேண்டும்.

வாடிக்கையாளர் சேவையை மனமாரப் பாராட்டுகிறேன். அழைத்தால் மனிதர் பேசுகிறார், பொறுமையாகக் கேட்கிறார், பில்லில் வந்த பிழையை அன்றே திருத்தினார்கள். ஆயினும் டவரில் பழுது என்றால் அவர்களால் செய்ய முடிவது, புகாரை டவர் உரிமையாளரான நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு நம்முடன் சேர்ந்து காத்திருப்பது மட்டுமே.

சேர நினைப்பவர்கள், தங்கள் வீட்டிலும் பணியிடத்திலும் எந்த வலையமைப்பு கிடைக்கும், டேட்டா முன்னுரிமை என்ன, தங்கள் கைபேசி மாடலில் வோ-எல்டிஇயும் (4ஜி வழியே பேசும் வசதி) வைஃபை காலிங்கும் (வைஃபை வழியே பேசும் வசதி) இயங்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எண் மாற்றம் முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள், எண்ணையே இழக்க நேரலாம். நான் என் எண்ணை அங்கேயே வைத்திருக்கிறேன். மாலையில் காணொளி வழியே பாடம் நடத்தும் என் தங்கையின் எண்ணை மட்டும் டவர் உரிமையாளரிடமே மாற்றிவிட்டோம்.