டிரெய்லரில் ஏ.டி.எஸ்: மெயின் பேனலுக்கு முன்பா, சப் பேனலுக்கு முன்பா?

காரில் கட்டி இழுக்கும் வீட்டு வண்டியான எங்கள் 30 ஆம்ப் ட்ராவல் டிரெய்லரில் 2000 வாட் இன்வெர்ட்டர் வைத்தபோது, கேம்ப்கிரவுண்ட் கரண்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே தானாக மாற்றிவிடும் ஸ்விட்சை (ஏ.டி.எஸ், ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்ஃபர் ஸ்விட்ச்) எங்கே போடுவது என்று நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. ஸ்விட்சே இல்லாமல் ஷோர் கார்டை (வெளிக் கரண்டை வண்டிக்குக் கொண்டுவரும் கேபிள்) கழற்றி இன்வெர்ட்டரில் செருகலாம். பிரேக்கர்கள் இருக்கும் மெயின் பேனலுக்கு முன்னால் ஏ.டி.எஸ் போட்டு வண்டி முழுவதையும் மாற்றலாம். சின்ன சப் பேனல் வைத்து அதற்கு முன்னால் மட்டும் போடலாம். நான் போட்டது மூன்றாவது. இன்னொரு வண்டி வாங்கினாலும் அதையேதான் செய்வேன்.

கார்டை மாற்றிச் செருகுவதில் செலவில்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. எப்போதாவது கரண்ட் இல்லாத இடத்தில் தங்குபவருக்கு அது போதும்.

மெயின் பேனலுக்கு முன்னால் போடுவதில் வயரிங் சுலபம். ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்கு அதுதான் சரி. இன்வெர்ட்டர் என்று வந்தால் கன்வெர்ட்டர் குறுக்கே நிற்கிறது. அது 120 வோல்ட்டை வாங்கி பேட்டரியை சார்ஜ் செய்யும் பெட்டி. அந்த 120 வோல்ட்டே பேட்டரியிலிருந்து வருகிறது என்றால், பேட்டரி தன்னைத் தானே சார்ஜ் செய்யப் பார்த்து, சுற்றுக்குச் சுற்று சூடாக வீணாகும். 55 ஆம்ப் கன்வெர்ட்டர் முழு வேகத்தில் 900 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆட்டோ மோடில் வைத்திருக்கும் கேஸ் ஃப்ரிட்ஜும் 120 வோல்ட்டைக் கண்டதும் கேஸை விட்டு கரண்டுக்குத் தாவும்; அது 300 வாட்டுக்கு மேல். வாட்டர் ஹீட்டரின் எலிமென்ட் சுமார் 1400 வாட். எனவே ஒவ்வொரு தடவையும் இவற்றின் பிரேக்கர்களை ஞாபகமாக இறக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு கேம்ப்கிரவுண்டில் கரண்ட் போனால் யார் எழுந்து இறக்குவது? ஏ.டி.எஸ் சத்தமில்லாமல் மாறிவிடும், விடிவதற்குள் பேட்டரி காலி. என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்.

சப் பேனலில் இந்தத் தொல்லை இல்லை. மெயின் பேனலில் ஒரு 20 ஆம்ப் பிரேக்கரிலிருந்து ஏ.டி.எஸ்ஸுக்கு 12 கேஜ் வயர். மறு உள்ளீட்டில் இன்வெர்ட்டர். வெளியீடு சப் பேனலுக்கு. மைக்ரோவேவும் பிளக் பாயின்ட்களும் மட்டும் அங்கே போகும். ஏசி, கன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் மெயினிலேயே இருக்கும். வெளிக் கரண்ட் போனால் அவை தானாக நிற்கும், ஃப்ரிட்ஜ் தானாக கேஸுக்குப் போகும். ஆனால் வயரைத் தொடுவதற்கு முன், பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கி எது எதில் ஓடுகிறது என்று பாருங்கள். பல வண்டிகளில் கன்வெர்ட்டரோ ஃப்ரிட்ஜோ பிளக் பாயின்ட்களோடு ஒரே பிரேக்கரைப் பகிர்ந்திருக்கும். அதைப் பிரிக்காவிட்டால் சப் பேனல் போட்டும் பயனில்லை.

நியூட்ரலில் அலட்சியம் கூடாது. ஏ.டி.எஸ் கறுப்பு வயரோடு (ஹாட்) வெள்ளையையும் (நியூட்ரல்) சேர்த்து மாற்ற வேண்டும். கிரவுண்டை மாற்றக் கூடாது. டிரெய்லர் பேனலில் நியூட்ரலும் கிரவுண்டும் சேரக் கூடாது என்பது அமெரிக்க மின் விதிகளின் 551ஆம் பிரிவு; வெளிக் கரண்டுக்கு அவை சேரும் இடம் கேம்ப்கிரவுண்டின் பக்கம். பல இன்வெர்ட்டர்கள் ஓடும்போது உள்ளுக்குள் தாமே சேர்த்துக்கொள்ளும். இரண்டு நியூட்ரலும் கலந்தால் ஜி.எஃப்.சி.ஐ (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுந்துகொண்டே இருக்கும். எனவே சப் பேனலுக்கு நகர்த்திய ஒவ்வொரு சர்க்யூட்டின் வெள்ளை வயரும் கூடவே நகர வேண்டும்.

விக்ட்ரான் கம்பெனியின் மல்டிபிளஸ் மாதிரி இன்வெர்ட்டரும் ஏ.டி.எஸ்ஸும் சார்ஜரும் ஒன்றாக வரும் பெட்டியை நான் வைத்துப் பார்த்ததில்லை. பழைய கன்வெர்ட்டரை எடுத்துவிடலாம் என்பதால் மேலே சொன்ன சுற்று அங்கே எழாது, விலைதான் தடை. 50 ஆம்ப் வண்டியிலும் நான் கை வைத்ததில்லை. அங்கே இரண்டு ஹாட் வயர்கள், கணக்கே வேறு.

பராமரிப்பிலும் சப் பேனலுக்கே என் ஓட்டு. சாலை அதிர்வில் ஏ.டி.எஸ் திருகுகள் தளரும். தளர்ந்த இடம் சூடேறி உருகும். சீசனுக்கு முன் ஷோர் கார்டைக் கழற்றி, இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் துண்டித்த பிறகு, ஏ.டி.எஸ் பெட்டியில் போட்டிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்குத் திருகுகளை முடுக்குங்கள். ஏசியின் கரண்ட் ஏ.டி.எஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே வழியாகப் போகாததால், மெயினுக்கு முன்னால் இருக்கும் ரிலேயைவிட இதன் காண்டாக்ட்களுக்கு வேலை குறைவு.