கப்பல் வந்தால்தான் சரக்கு: பிட்கேர்ன், டோக்கெலாவ், நியுவே

பசிபிக் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனால் வெகுநேரம் நீலம் மட்டும்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒரு புள்ளி. அப்படி மூன்று புள்ளிகளை எடுத்து அருகருகே வைத்துப் பார்க்கப் போகிறேன். பிட்கேர்ன் பிரிட்டனுடையது. டோக்கெலாவ் நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதி. நியுவே 1974 அக்டோபர் 19 முதல் தன்னாட்சி பெற்ற நாடு, ஆனால் நியூசிலாந்தோடு பிணைப்பை விடவில்லை. அதனால் கறாராகப் பேசினால் அதை ஆட்சிப்பகுதி என்று சொல்லக்கூடாது. பிரான்சின் வாலிஸ்-ஃபுட்டூனாவையும் சேர்க்கத்தான் நினைத்தேன். அங்கே 11,000 பேர், மூன்று பாரம்பரிய ராஜ்ஜியங்கள், பிரெஞ்சு அரசுச் சம்பளம் என்று கதை வேறு பக்கம் போகிறது. விட்டுவிட்டேன்.

எது சிறியது, எது அழகு என்ற கேள்விகளில் எனக்கு ஆர்வம் இல்லை. உள்ளே எப்படிப் போவது, வெளியே எப்படி வருவது? மற்றதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்தே கிளைக்கிறது.

பிட்கேர்னுக்கு விமானம் கிடையாது. டஹிட்டியிலிருந்து மங்கரேவா என்ற பிரெஞ்சுப் பொலினீசியத் தீவுக்குப் பறந்து, அங்கே கப்பல் ஏறி ஒன்றரை நாள் போகவேண்டும். கப்பல் பெயர் சில்வர் சப்போர்ட்டர். சரக்கெல்லாம் நியூசிலாந்தின் டௌரங்கா துறைமுகத்திலிருந்து ஏறுகிறது. தீவைப் பார்த்ததும் இறங்கிவிடலாம் என்று நினைக்கவேண்டாம். கப்பல் ஆழக்கடலில் நிற்கும். தீவுக்காரர்கள் நீளப்படகை ஓட்டிவந்து, அலையின் ஏற்ற இறக்கம் பார்த்து ஆளையும் மூட்டையையும் இறக்கி, பவுன்ட்டி விரிகுடாவின் சின்னப் படகுத்துறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து ஊருக்கு ஏறும் செங்குத்துச் சாலைக்கு அவர்களே வைத்த பெயர், 'கஷ்ட மலை'.

டோக்கெலாவுக்கும் விமானம் இல்லை. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து வடக்கே சுமார் 500 கி.மீ.; கப்பலில் ஒரு நாளுக்கு மேல். அதுவும் ஒரே தீவு அல்ல. அட்டாஃபு, நுக்குனோனு, ஃபகாஓஃபோ என்று மூன்று பவளவட்டங்கள், அதாவது நடுவே கடல்நீர் நிற்க வளையமாக வளர்ந்த பவளத்திட்டுகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கடலில் 60 முதல் 90 கி.மீ. தூரம். மூன்றிலும் துறைமுகம் இல்லை. பவளத்திட்டில் வெடிவைத்துத் திறந்த குறுகலான கால்வாய் வழியாகச் சிறு படகில்தான் கரை சேரவேண்டும். தலைநகரமும் கிடையாது. அரசின் தலைமை ஆண்டுக்கு ஒரு தீவாகச் சுற்றி வருகிறது. அந்த ஆண்டு எந்தத் தீவின் முறையோ, அதன் தலைவர் மூன்று தீவுக்கும் 'உலு', அதாவது அரசின் தலைவர்.

நியுவேக்கு மட்டும் ஆக்லாந்திலிருந்து மூன்றரை மணி நேர விமானம் உண்டு. ஆனால் கடல்வழியாகப் பார்த்தால் அதுவும் மற்ற இரண்டின் ஜாதிதான். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். தலைநகர் அலோஃபியின் துறையில் படகைக் கட்டி வைக்க முடியாது, அலை அடித்து நொறுக்கிவிடும். அதனால் மீன்பிடிப் படகோ, பாய்மரப் படகுக்காரர்கள் கரைக்கு வரும் சிறு படகோ, கிரேன் வைத்துத் தூக்கி மேலே வைத்துவிடுகிறார்கள். கடலுக்குப் போகும்போது மறுபடி தூக்கி இறக்குவார்கள்.

நிலத்தை எடுத்துக்கொண்டால் மூன்றும் மூன்று விதம். பிட்கேர்ன் எரிமலை கக்கிய தீவு, 4.6 சதுர கி.மீ., உயரம் 347 மீட்டர். செம்மண், மழை பெய்தால் சேறு. வாழை, ஆரஞ்சு, கரும்பு, தர்ப்பூசணி, எது போட்டாலும் வரும். 1790இல் பவுன்ட்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் கலகம் செய்த ஒன்பது பேர், டஹிட்டி ஆண்கள் பெண்கள் சிலரோடு வந்து ஒளிந்துகொள்ள இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மண்ணும் ஒரு காரணம். இறங்கக் கஷ்டமான கரை என்பது அவர்களுக்குக் குறையல்ல, பாதுகாப்பு. 200 ஆண்டு கழித்து அதே கரைதான் பேரப்பிள்ளைகளின் பொருளாதாரத்தை நெருக்குகிறது. பிட்கேர்னோடு ஹென்டர்சன், டூசி, ஓவனோ என்ற ஆளில்லாத் தீவுகளும் சேர்த்தி. ஹென்டர்சன் 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அந்த ஆளில்லாத் தீவின் கரைகளில் சுமார் 3 கோடியே 77 லட்சம் பிளாஸ்டிக் துண்டுகள் கிடப்பதாகக் கணக்கிட்டது. கப்பல் வராத இடத்துக்கும் நம் குப்பை போய்ச் சேர்ந்துவிடுகிறது.

டோக்கெலாவில் மண் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பவளம் நொறுங்கிய மணல், மொத்தமே சுமார் 12 சதுர கி.மீ. நிலம், மிக உயரமான இடமே ஐந்து மீட்டர் அளவுதான். தென்னை, ஈரப்பலா, தாழை, குழிதோண்டி வளர்க்கும் சேம்பு. குடிக்க மழைநீர். விவசாயி இந்த இடத்தைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார்.

நியுவே ஒரு காலத்தில் டோக்கெலாவ் மாதிரிப் பவளவட்டமாகத்தான் இருந்தது. பூமியின் மேலோடு உயர்ந்ததில் மொத்தமாக மேலே வந்துவிட்டது. 260 சதுர கி.மீ., அதாவது டோக்கெலாவைப் போல இருபது மடங்குக்கும் மேல். இவ்வளவு நிலத்தில் ஒரு ஆறு இல்லை, ஓடை இல்லை. மழை பெய்ததும் ஓட்டைப் பாறைக்குள் இறங்கிவிடும். பாறைக்கடியில் உப்புநீர்மேல் மிதக்கும் நன்னீரைத்தான் மேலே இறைக்கிறார்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. ஆறு இல்லாததால் கடலுக்குள் வண்டல் போவதில்லை. வண்டல் போகாததால் தண்ணீர் கண்ணாடி மாதிரி. முக்குளிக்க வருகிறவர்கள் இந்தத் தெளிவுக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை கூனல் திமிங்கலங்களும் கரைக்குப் பக்கத்திலேயே வருகின்றன. ஆற்றங்கரையில் வளர்ந்த நமக்கு, ஆறில்லாததே ஓர் ஊருக்குச் சொத்து என்பதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

சரி, காசு எங்கிருந்து வருகிறது? மூன்றிலும் புழங்குவது நியூசிலாந்து டாலர், பிரிட்டனின் பிட்கேர்னிலும்கூட. மூன்றுமே தாய்நாட்டு மானியம் இல்லாமல் நிற்காது. அதைத் தாண்டி இவர்கள் விற்கும் சரக்கைப் பார்த்தால்தான் வேடிக்கை. மண்ணில் விளைந்தது கொஞ்சம்தான். பெரும்பாலும் விற்பது முகவரி.

பிட்கேர்ன் 1940இல் தபால்தலை வெளியிட ஆரம்பித்தது. இவ்வளவு சின்னத் தீவு இத்தனை கடிதமா எழுதும்? வாங்கியது உலகெங்கும் இருந்த சேகரிப்பாளர்கள். பல பத்தாண்டுகள் தீவின் செலவை இதுவே தாங்கியது. அந்த மோகம் வடிந்ததும் கையிருப்பு கரைந்தது, 2000களின் தொடக்கத்திலிருந்து பிரிட்டன் மானியம் வரவேண்டியதாயிற்று. இப்போது நோயில்லாத தேனீக்களின் தேன், மீரோ மரச் சிற்பங்கள், அப்புறம் உல்லாசக் கப்பல்கள். பயணிகள் பல சமயம் இறங்க முடியாததால், தீவுக்காரர்களே படகில் போய்க் கப்பல் தளத்தில் கடை விரிக்கிறார்கள். கரை இறங்கவிடாவிட்டால் கடையைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போவது என்பது எனக்குப் பிடித்த வியாபார முறை.

டோக்கெலாவ் விற்றது 'டாட் டிகே' (.tk), இணைய முகவரியின் முடிவில் வரும் அதன் நாட்டுக்குறி. ஒரு டச்சுக்காரரின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவுசெய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் உலகிலேயே மிக அதிகப் பதிவுகள் கொண்ட நாட்டுக்குறி அதுவாகத்தான் இருந்தது. இலவசம் என்றால் யார் வருவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. மோசடித் தளங்கள் மொய்த்தன. மெட்டா நிறுவனம் வழக்குப் போட்டதும் 2023இல் புதுப் பதிவுகள் நின்றன. நியுவேயின் கதை இதைவிடக் கசப்பானது. அதன் குறி 'டாட் என்யூ' (.nu). அதில் உள்ள 'நு' ஸ்வீடிஷ் மொழியில் 'இப்போது' என்று பொருள்படும். அதனால் அங்கே அந்தக் குறி அமோகமாக விற்றது. 2013 முதல் அதை நடத்துவதே ஒரு ஸ்வீடிஷ் அமைப்புதான். தனக்குச் சேரவேண்டிய பணம் கைமாறிப் போய்விட்டது என்று நியுவே வழக்காடியது.

நிஜமான காசு கடலில் இருக்கிறது. 12 சதுர கி.மீ. நிலம் டோக்கெலாவுக்கு 3 லட்சம் சதுர கி.மீ.க்கும் அதிகமான கடல் உரிமையைத் தருகிறது. அங்கே சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு நாள் கணக்கில் உரிமம் விற்கிறார்கள்: இத்தனை நாள் பிடிக்கலாம், இத்தனை பணம். உள்ளூர் வருமானத்தில் பெரும்பங்கு இதுதான். இதிலும் ஒரு சூதாட்டம் உண்டு. பசிபிக் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் வெதுவெதுப்பான நீரோடு சூரைக் கூட்டம் கிழக்கே நகரும், மற்ற ஆண்டில் மேற்கே போய்விடும்.

நியுவேயும் பிட்கேர்னும் மீன் பிடிக்காமலே கடலைக் காசாக்கப் பார்க்கின்றன. பிட்கேர்னைச் சுற்றி 8 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல் 2016 முதல் பாதுகாப்புப் பகுதி. வணிக மீன்பிடிப்புக்குத் தடை. அதனால் பிட்கேர்ன்காரர்கள் கைக்கு நேராகப் பணம் வரவில்லை, நல்ல பெயர்தான் வந்தது. நியுவே கொஞ்சம் சாமர்த்தியம். தன் கடலில் நாற்பது சதவீதத்தைப் பாதுகாக்கிறது, 2023இல் அதை ஒரு சதுர கி.மீ. 250 நியூசிலாந்து டாலர் என்று, 20 ஆண்டுப் பராமரிப்புக்குப் புரவலர் பிடிக்க ஆரம்பித்தது. மொத்தம் 1,27,000 துண்டு. கோயில் திருப்பணிக்கு ஒரு படிக்கட்டு, ஒரு தூண் என்று உபயம் எழுதி வாங்குகிற மாதிரி.

டோக்கெலாவ் உருப்படியாகச் செய்த இன்னொன்று மின்சாரம். 2012இல் 4,032 சூரியத் தகடுகளும் 1,344 மின்கலங்களும் மூன்று தீவுகளிலும் பொருத்தப்பட்டன. கிட்டத்தட்ட முழு மின்தேவையும் வெயிலுக்கு மாறியது. கப்பலில் பீப்பாய் பீப்பாயாக டீசல் வந்து, அலையில் தூக்கிக் கரையேற்றிய ஊருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் கணக்குக்கு வருவோம். எனக்கு இதுதான் ஒப்பீட்டின் மையம்.

நியுவேயில் 1966இல் 5,194 பேர். 1970களின் தொடக்கத்தில் விமானத்தளம் வந்தது. நியுவேக்காரர்கள் பிறப்பாலேயே நியூசிலாந்துக் குடிமக்கள். விசா வேண்டாம், டிக்கெட் போதும். இப்போது தீவில் சுமார் 1,700 பேர், நியூசிலாந்தில் 30,000 பேர். 2004 ஜனவரியில் ஹீட்டா புயல் மருத்துவமனை உட்பட அலோஃபியைச் சுருட்டிவிட்டுப் போனது. சாலையோரம் பூட்டிக் கிடக்கும் வீடுகள், வாசலிலேயே பாட்டன் பூட்டன் கல்லறைகள். நிலம் குடும்பத்தின் பொதுச்சொத்து, வெளியாருக்கு விற்க முடியாது. அதனால் வீடும் விலைபோகாமல் அப்படியே நிற்கிறது. ஆட்களை ஏற்றிப்போன அதே விமானம்தான் இன்று சுற்றுலாப் பயணிகளையும் இறக்குகிறது.

டோக்கெலாவ்காரர்களுக்கும் அதே குடியுரிமை. அவர்களிலும் எட்டாயிரம் பேருக்கு மேல் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். ஆனாலும் தீவில் அரை நூற்றாண்டாக 1,500ஐ ஒட்டியே நிற்கிறது தொகை. கப்பல் மட்டும் இருப்பது ஒரு காரணம் என்றால், ஊர் நடக்கும் விதம் இன்னொன்று. ஒவ்வொரு தீவையும் பெரியவர்கள் சபை நடத்துகிறது, உழைக்கக் கூடியவர்களுக்கு ஊர் வேலை கொடுத்துக் கூலியும் கொடுக்கிறது. கூட்டாகப் பிடித்த மீனைக் கரையில் பரப்பி, வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடும் 'இனாட்டி' முறை இன்னும் இருக்கிறது. கடலுக்குப் போக முடியாத கிழவி வீட்டுக்கும் பங்கு போகும்.

பிட்கேர்னில் 1937இல் 233 பேர். இன்று ஐம்பதைத் தொடுவதே பெரிது. உயர்நிலைப் படிப்புக்குப் பிள்ளைகள் நியூசிலாந்து போகிறார்கள், திரும்புகிறவர்கள் குறைவு. 2004இல் பாலியல் குற்ற வழக்குகளில் தீவின் ஏழு ஆண்கள் விசாரிக்கப்பட்டு ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிறையையும் தீவுக்காரர்களே கட்டவேண்டியிருந்தது. எல்லாரும் எல்லாருக்கும் உறவான, கண்காணிப்பு எட்டாத ஓர் ஊரில் குழந்தைகளுக்கு யார் காவல் என்ற கேள்வியை அழகான செம்மண் மறைத்துவிட முடியாது. இலவச மனை தருகிறோம், வந்து குடியேறுங்கள் என்று அழைத்துப் பார்த்தார்கள். வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆக, மண் வளத்தில் பிட்கேர்ன் முதல், நில அளவில் நியுவே முதல். ஆனால் ஊராக நிற்பதில் இரண்டையும்விட, ஐந்து மீட்டர் மணல்மேல் இருக்கும் டோக்கெலாவுக்குத்தான் என் ஓட்டு. கடல் உயர்ந்தால் முதலில் போகப்போவதும் அதுதான் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அவர்களுக்கு ஓட்டுப்போடும் பழக்கமும் இருக்கிறது. நியுவே மாதிரித் தன்னாட்சிக்குப் போகலாமா என்று 2006இல் ஒரு தடவை, 2007இல் ஒரு தடவை கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இரண்டாம் தடவை 692 பேர் ஓட்டுப் போட்டு 446 பேர் ஆம் என்றார்கள். 16 ஓட்டு குறைந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாள் மீன்பிடிக்கப் போயிருப்பார்கள்.