வங்கி அனுப்பிய வசூல்காரரிடம் 58,000 ரூபாய் கொடுத்தோம், கடன் அப்படியே நிற்கிறது

வங்கியில் கடன் வைத்திருக்கும் கொடைக்கானல் மேல்மலை மக்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். புகார் கொடுக்கப் போவதால் பெயர்களை இப்போது எழுதவில்லை. மலைக்குக் கீழே கிளை வைத்திருக்கும் ஒரு தனியார் வங்கி, அதற்காக வீடு தேடி வரும் ஒரு வசூல் ஏஜென்சி, அவ்வளவு தெரிந்தால் போதும். எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்பதை முடிவில் எழுதுகிறேன். வயிறு எரிகிறது, முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பூம்பாறையில் எங்களுக்குக் கொஞ்சம் பூண்டு நிலம் இருக்கிறது. கடன் என் கணவர் பெயரில். வடுகபட்டி சந்தையில் விலை விழுந்த பருவத்தில் டியூ கட்ட முடியாமல் நின்றுபோனது. 90 நாள் தாண்டினால் வங்கி அதை வாராக்கடன் என்று எழுதிக்கொள்ளும். அதற்குள்ளாகவே பைல் வெளி ஏஜென்சிக்குப் போய்விடுவதும் உண்டு. வசூலாகும் தொகையில் ஏஜென்சிக்குக் கமிஷன். ஓர் ஏஜென்சியிடம் வசூலாகவில்லை என்றால் பைல் இன்னொன்றின் கைக்கு மாறும். இதெல்லாம் எங்களுக்கு இப்போதுதான் தெரியும்.

வசூல் ஏஜென்சியிலிருந்து ஓர் இளைஞர் ஒரு காலை நேரத்தில் வந்தார். "அக்கா, அண்ணன் இருக்கிறாரா? பேங்க்கிலிருந்து வருகிறேன்" என்று மரியாதையாகத்தான் கேட்டார். கழுத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட அடையாள அட்டை. அதில் வங்கியின் சின்னம், அவருடைய படம், கீழே ஏஜென்சியின் பெயர். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே போனைத் திறந்து காட்டினார். கடன் கணக்கு எண், கடைசியாக எந்த மாதம் எவ்வளவு கட்டினோம், எந்தெந்த மாதம் பவுன்ஸ் ஆனது, கடன் வாங்கும்போது எழுதிக்கொடுத்த என் நாத்தனாரின் போன் எண் வரை எல்லாம் அதில் இருந்தது. வங்கி கொடுக்காமல் இந்த விவரம் ஒருவர் கைக்கு எப்படி வரும்? இதைப் பார்த்த பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்?

நிலுவை 91,000 ரூபாய் என்றார். "மாதம் முடிவதற்குள் கட்டினால் 58,000 ரூபாயில் செட்டில்மென்ட் போட்டுத் தருகிறேன் அக்கா. அப்ரூவல் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் கடன் பாக்கி இல்லை என்ற சான்று வீட்டுக்கே வரும்." என் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து 40,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தோம். மீதி 18,000 ரூபாயை என் கணவர் போனில் அனுப்பினார். திரையில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "அது எங்கள் ஏஜென்சி ஓனர் அண்ணே" என்றார். கார்பன் தாள் வைத்து ரசீது எழுதிக் கொடுத்தார். அதில் வங்கியின் பெயர் ரப்பர் ஸ்டாம்பில் இருக்கிறது, தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்கிறது. கடன் கணக்கு எண் எழுத வேண்டிய கோட்டில் என் கணவரின் பெயரை எழுதி நிரப்பியிருக்கிறார்.

சான்று வரவில்லை. வேறொரு ஏஜென்சியிலிருந்து இரவு 9 மணிக்குப் போன்தான் வந்தது. 91,000 ரூபாயும் அதற்கு மேல் வட்டியும் கட்ட வேண்டுமாம். 58,000 ரூபாய் கட்டிவிட்டோம் என்றால், "எங்கள் சிஸ்டத்தில் ஒரு ரூபாய்கூட வரவில்லை" என்கிறார் அந்தப் பெண். மறுநாள் என் நாத்தனாருக்கும் போன் செய்து, உங்கள் அண்ணன் வங்கியை ஏமாற்றுகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏமாற்றியது யார்?

மலையிறங்கிக் கிளைக்குப் போவதென்றால் ஒரு நாள் வேலை கெடும். அப்படிப் போய் நின்றால், "கலெக்‌ஷன் எல்லாம் சென்னையில், எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று கையை விரிக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் எண் கொடுத்தார்கள், பிறகு புகார் முடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். என்ன முடித்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. பழைய ஏஜென்சியோ, அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், பைலும் எங்களிடம் இல்லை என்கிறது. கடைசியில் கிளை மேலாளர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது: "வெளி ஆளிடம் பணம் கொடுக்கச் சொன்னது யார்?" அந்த வெளி ஆளுக்கு எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்து அனுப்பியது யார் சார்? வசூலிக்கும்வரை உங்கள் ஆள், பணம் காணாமல் போனதும் வெளி ஆளா?

ரிசர்வ் வங்கி 2008இலேயே இதற்கு விதி போட்டிருக்கிறது. எந்த ஏஜென்சி வரும் என்று வங்கி முன்கூட்டியே கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும். வருகிறவர் அடையாள அட்டையோடு, வங்கி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் நோட்டீஸ் நகலையும் கொண்டுவர வேண்டும். ஏஜென்சி மாறினால் அதையும் சொல்ல வேண்டும். ஏஜென்ட் செய்வதற்கு வங்கியே பொறுப்பு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்று 2022இல் மறுபடியும் சுற்றறிக்கை வந்தது. எங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை, அட்டை மட்டும்தான் வந்தது. ஆகவே அந்த 58,000 ரூபாய்க்கு வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்.

சொன்னபடி எச்சரிக்கைகள். கையில் பணம் கொடுக்காதீர்கள், கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். செட்டில்மென்ட் என்றால் வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் ஒரு ரூபாயும் எடுக்க வேண்டும். வருகிறவரின் அட்டையையும் கடிதத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (வங்கிப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது, நேரம் இல்லை. ரசீதை நகல் எடுக்கக் கொடைக்கானல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரைப் பக்கம் இப்படி யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் ரசீதைத் தொலைக்காமல் எனக்குத் தெரியப்படுத்துங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். எங்கள் 58,000 ரூபாய் கடன் கணக்கில் ஏறும்வரை நான் விடப் போவதில்லை.